துவர்ப்பு எங்கே போயிற்று?

ஆண்டுதோறும் அக்டோபர் பிற்பகுதியில் ஒரே வகைப் புகைப்படம் இணையத்தில் வலம்வரத் தொடங்குகிறது. பழைய மரவீட்டின் தாழ்வாரம். கூரையிறப்பிலிருந்து சரஞ்சரமாகத் தொங்கும், தோல் நீக்கிய ஆரஞ்சு நிறப் பழங்கள். பின்னணியில் பனிமூட்டம் படர்ந்த மலை. படத்தின் கீழே ஜப்பானியரின் பொறுமை, எளிமை, பருவங்களோடு இயைந்த வாழ்வு என்று நான்கு வரிகள். உணவுப் பண்பாடு பற்றிய கருத்தரங்குகளிலும் ஜப்பானின் பெர்சிமன் பழம் பெரும்பாலும் இந்த ஒப்பனையோடுதான் வந்துபோகிறது. ஆனால் அந்தப் பழங்கள் அங்கே தொங்குவதற்குக் காரணம் அழகு அன்று. அவற்றை மரத்திலிருந்து பறித்து அப்படியே தின்ன முடியாது என்பதே காரணம்.

தெரியாமல் ஒருவர் கடித்துவிட்டால் நாக்கு தடிக்கும், கன்னத்தின் உட்புறம் சுருங்கி இழுக்கும், அடுத்த அரைமணி நேரத்துக்குத் தண்ணீரும் சுவைக்காது. கடுக்காயை மென்றவர்களுக்கு அந்த உணர்வு ஓரளவு புரியும். ஜப்பானின் பெர்சிமன் பண்பாட்டை இனிப்பின் பண்பாடாக வாசிப்பது இதனால்தான் பிழையாகிறது. ‘இந்தத் துவர்ப்பை என்ன செய்வது’ என்ற கேள்விக்கு ஒரு சமூகம் பல நூற்றாண்டுகளாகக் கண்டுவைத்த விடைகளின் தொகுதி அது. விடைகளைக் கண்டவர்கள் பெரும்பாலும் கத்தியும் கயிறும் பிடித்த நாட்டுப்புறக் கைகள். அழகியல் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு அக்கைகளை விட்டுவிடும் ஆய்வு, பழத்தின் பாதியைத்தான் பார்க்கிறது.

பெயரிலேயே சிக்கல் தொடங்குகிறது. ஜப்பானிய மொழியில் இதன் பெயர் ககி. இதைத் தமிழில் எழுதுவது எளிதன்று. ‘ககி’ என்று எழுதினால் தமிழ் வழக்கப்படி இரண்டாம் ககரம் மெலிந்து, ஜப்பானியத்தில் சாவியைக் குறிக்கும் சொல்லாக ஒலிக்கிறது. ‘கக்கி’ என்றால் அங்கே உற்சாகம் என்ற பொருளுடைய வேறொரு சொல். இங்கே அருவருப்பான வினையெச்சம். ‘காக்கி’ என்றால் காவலர் சீருடை. எனவே ‘ககி’ என்றே எழுதி, இரண்டாம் எழுத்தை வல்லொலியாகப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். டோக்கியோ வழக்கில் இதே ஈரசைச் சொல்லின் முதலசை உயர்ந்து ஒலித்தால் அது கடற்சிப்பி; தாழ்ந்து தொடங்கி உயர்ந்தால் பழம். கூட்டுச்சொல்லின் பின்னுறுப்பாக வரும்போது முதல் ககரம் மெலிகிறது: உலர்த்திய பழம் ஹொஷிககி, துவர்க்கும் பழம் ஷிபுககி.

இந்தச் சொல் உலகெங்கும் பயணித்தது. டயோஸ்பைரோஸ் ககி என்ற தாவரவியல் பெயரில் அமர்ந்தது. பிரெஞ்சு, ஜெர்மன் முதலிய மொழிகளுக்குள் ஏறக்குறைய மாறாமல் நுழைந்தது. இத்தாலியர் சொல்லிறுதி இகரத்தைத் தம் மொழியின் பன்மை விகுதியாகக் கொண்டு, ‘காகோ’ என்று ஓர் ஒருமையையே புதிதாக உருவாக்கிக்கொண்டனர். ஆங்கிலம் மட்டும் தன் குடியேற்ற நாடான வர்ஜீனியாவில் வாழ்ந்த பவ்ஹாட்டன் மக்களிடமிருந்து, அங்கே வளரும் உறவுமரத்தின் பெயரை எடுத்து இதற்கும் வைத்தது, அதுவே பெர்சிமன். இமாசலத்தின் குல்லு பள்ளத்தாக்கில் இதை விளைவிப்போருக்கு இது ‘ஜப்பானி பல்’, அதாவது ஜப்பான் பழம். தமிழில் ‘சீமைப் பனிச்சை’ என்று எழுதுவோர் உண்டு. இது கவனிக்கத்தக்க பெயர். பனிச்சையும் அதே டயோஸ்பைரோஸ் பேரினத்தைச் சேர்ந்தது. அதன் காய்ச்சாற்றை மீன்வலைகளுக்கு ஏற்றி அவற்றை உறுதிப்படுத்துவது இந்தியாவின் பழைய வழக்கம். துவர்ப்பை நினைவில் வைத்திருக்கும் பெயர் அது.

அந்தத் துவர்ப்பின் வேதியியலைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்; வாதத்தின் ஆணிவேர் அங்கேதான் இருக்கிறது. ஷிபுககியில் சர்க்கரை குறைவில்லை. பல வகைகளில் இனிப்புப் பழத்தைவிட அதிகமாகவே இருக்கிறது. ஆனால் சதையிலுள்ள டானின் நீரில் கரையும் நிலையில் இருப்பதால், வாயில் பட்டதும் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொண்டு திரள்கிறது. நாவின் வழவழப்புப் போய்விடுகிறது. இனிப்பை உணர வழியே இருப்பதில்லை. பழத்தைத் தோலுரித்து உலர்த்தினாலும், காம்புப் பகுதியில் ஷோச்சு என்னும் சாராயத்தைத் தடவி மூடிவைத்தாலும், கரியமில வாயு நிரப்பிய அறையில் அடைத்தாலும், உள்ளே நிகழ்வது ஏறத்தாழ ஒன்றுதான்: பழத்துக்குள் அசிட்டால்டிஹைடு தோன்றி, டானின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்து, கரையாத பொருளாக்கிவிடுகிறது. டானின் எங்கும் வெளியேறுவதில்லை. அங்கேயே இருக்கிறது; நாவுக்குத்தான் தெரிவதில்லை. இனிப்புப் பழத்தை அறுத்தால் சதையில் எள் தூவியதுபோல் தெரியும் கரும்புள்ளிகளும் உறைந்துபோன டானின்தான். துவர்ப்பு நீக்கிய பழத்தைச் சமைக்கப் போனால் சில வேளைகளில் துவர்ப்பு மீண்டும் தலைகாட்டும். ஜப்பானியர் இதற்கு ‘ஷிபுமோதொரி’, துவர்ப்பின் மீள்வரவு, என்று பெயரே வைத்திருக்கிறார்கள். இந்தப் பழத்தில் ஜாம் காய்ச்ச முனைவோருக்கு முதலில் சொல்லப்படும் எச்சரிக்கை அது.

மரத்திலேயே துவர்ப்பை இழந்து கனியும் இனிப்பு வகை, இயற்கையில் விதிவிலக்கு. கவாசாக்கிப் பகுதியின் செஞ்சிமாரு மிகப் பழைய இனிப்பு வகை என்று போற்றப்படுகிறது; அதன் பிறப்பை 13ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுசெல்கிறது மரபு. அதிலும் விதை பிடித்தால்தான் துவர்ப்பு மறையும். விதை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இனிக்கும் ஃபுயு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிஃபு மாவட்டத்திலிருந்து பெயர்பெற்றுப் பரவியது. ஜப்பானின் நெடிய பெர்சிமன் வரலாற்றில் இது நேற்றைய செய்தி. அதற்கு முன்பு பெரும்பாலான சிற்றூர்களில் ககி என்றால் உழைத்துத் தின்ன வேண்டிய பொருள்.

அந்த உழைப்பை விவரிப்பவர்கள் குறைவு. பழம் நன்கு நிறமேறி, இன்னும் கெட்டியாக இருக்கும்போதே பறிக்க வேண்டும். பறிக்கும்போது காம்போடு சேர்த்துச் சிறுகிளையின் துண்டொன்றையும் வெட்டி எடுப்பார்கள்; கயிறு மாட்டுவதற்கு அந்தக் குறுக்குத்துண்டுதான் கொக்கி. அது முறிந்துவிட்டால் பழத்தைத் தொங்கவிடும் வேலை இரட்டிப்பாகும். பின்னர் உரித்தல். ஒரு குடும்பத்துக்கு நூற்றுக்கணக்கில், விற்பனைக்கு என்றால் ஆயிரக்கணக்கில். அறுவடை முடிந்த இரவுகளில் பெண்களும் முதியவர்களும் விளக்கைச் சுற்றி அமர்ந்து உரிப்பது பல மலையூர்களின் வழக்கமாக இருந்தது. உரித்த பழத்தைக் கொதிநீரில் சில நொடிகள் முக்கியெடுத்து, மழை படாத, காற்று படும் இடத்தில் கட்டுவார்கள். ஒரு வாரம் கழிந்து மேற்புறம் உலர்ந்ததும், ஒவ்வொரு பழத்தையும் விரல்களால் மெல்லப் பிசைந்துவிட வேண்டும்; உட்சதை தளர்ந்தால்தான் ஈரம் வெளியே வரும். அழுத்தம் மிகுந்தால் பழம் கிழியும். சில நாள் இடைவெளியில் மீண்டும் மீண்டும் இதைச் செய்ய வேண்டும். ஒரு மாதம், ஒன்றரை மாதம் சென்றபின் மேலே வெண்பொடி படர்கிறது. அது மாவன்று, பூஞ்சணமும் அன்று. பழத்தின் உள்ளிருந்து வெளிவந்து படிகமான சர்க்கரை. இடையில் நான்கு நாள் வெதுவெதுப்பும் மழையும் சேர்ந்துவிட்டால் எல்லாம் பூஞ்சணமாகிப் போகும். இலையுதிர்காலம் வெப்பமேறிவரும் இன்றைய சூழலில் இந்த அச்சம் கூடியிருக்கிறது. இத்தனைக்கும் பிறகு வீட்டுக்கு வருவது உரித்த எடையில் ஏறத்தாழ மூன்றிலொன்றோ நான்கிலொன்றோதான்.

இந்த மெனக்கேடு எதற்காக என்ற கேள்விக்கு, சர்க்கரை இல்லாத காலத்தை நினைத்துப்பார்ப்பதே விடை. கரும்புச் சர்க்கரை ஜப்பானில் நெடுங்காலம் மருந்துச் சரக்குபோல் அரிதாக இருந்தது. 927இல் நிறைவுற்ற ‘எங்கிஷிகி’ என்னும் அரசு நடைமுறைத் தொகுப்பிலேயே உலர்த்திய ககி இடம்பெறுகிறது. தேநீர்ச் சடங்கு உருப்பெற்ற காலத்தில் தேநீருக்கு முன் வைக்கப்பட்ட இனிப்புகளில் பழமும் கொட்டையுமே மிகுதி. அவற்றுள் ககிக்கு நிலையான இடம் இருந்தது. ஜப்பானிய இனிப்பின் தித்திப்பு ஹொஷிககியின் தித்திப்பை மீறக்கூடாது என்று இனிப்புக் கலைஞர்களிடையே இன்றும் ஒரு சொல்வழக்கு உண்டு. ஒரு நாட்டின் இனிப்புக்கு அளவுகோலாக நின்ற பொருள், பறித்தபோது வாயில் வைக்க முடியாததாக இருந்தது. இந்த முரணைத் தவிர்த்துவிட்டு எழுதப்படும் ஜப்பானிய இனிப்பு வரலாறு எதுவும் முழுமையாகாது.

புத்தாண்டுக்கு அடுக்கி வைக்கும் மோச்சிப் படையலின்மேல் சில பகுதிகளில் ஈர்க்கில் கோத்த உலர்பழம் வைக்கப்படுகிறது. வகயாமாவின் ஷிகோ மலையூர்கள் இந்தக் குஷிககிக்குப் பெயர்பெற்றவை. ஓர் ஈர்க்கில் பத்துப் பழம். ஓரங்களில் இரண்டிரண்டு, நடுவில் ஆறு. ‘எப்போதும் புன்னகையோடும் இணக்கத்தோடும்’ என்று பொருள்படும் ஜப்பானியத் தொடரில் ‘நிகோநிகோ’, ‘நக முத்ஸு’ என்ற ஒலிகள் வருகின்றன. நி என்பது இரண்டு, நக என்பது நடு, முத்ஸு என்பது ஆறு. சிலேடையை எண்ணிக்கையாக்கிப் படையலில் வைக்கும் இந்த வேலைப்பாடு, மொழியியல் மாணவர் எவரும் ஒருமுறையேனும் பார்க்க வேண்டிய ஒன்று. சமையலறையிலோ ககி அடக்கமாகவே நடந்துகொள்கிறது. முள்ளங்கியும் கேரட்டும் மெல்லிதாக நறுக்கிப் புளிக்காடியில் ஊறவைக்கும் ‘நமசு’வில் உலர்பழத்தின் கீற்றுகள் சேரும், பிசைந்த டோஃபுவும் எள்ளும் கலந்த ‘ஷிராஅயே’யில் புதுப்பழத்தின் துண்டுகள் சேரும். நாராவின் யோஷினோ மலைப்பகுதியில் பழத்தைவிட இலைக்கு மதிப்பு: கடற்கரையிலிருந்து உப்பிட்டு மலையேற்றிக் கொண்டுவந்த கானாங்கெளுத்தி மீனின் துண்டை, காடி கலந்த சோற்றுருண்டையின்மேல் வைத்து ககி இலையில் பொதிந்து, அழுத்திவைத்துத் தின்பார்கள். இலையின் டானினும் உப்பும் காடியும் சேர்ந்து மீனைக் காக்கின்றன. இங்கே துவர்ப்பு பகையன்று, காவல்.

இனிப்பான பழத்தை எடுத்துக்கொண்டவர்கள் துவர்ப்பையும் வீணாக்கவில்லை. கோடையின் இறுதியில் பச்சைக்காயை இடித்துப் பிழிந்து, புளிக்கவைத்து, ஓராண்டோ அதற்கு மேலோ ஊறவிட்டு எடுக்கும் பழுப்புச் சாறு ககிஷிபு. கியோத்தோவின் தெற்கேயுள்ள யமஷிரோ பகுதியில் இன்றும் இது தயாராகிறது. காகிதத்தின்மேல் பூசினால் நீர் ஊறாது. எனவே குடைக்கும், துணியில் வடிவம் அச்சிடும் வெட்டுத்தாளுக்கும் பூசினார்கள். மீன்வலையில் ஏற்றினால் இழை இறுகும். அரிசி மதுவைப் பிழியும் பைகளுக்கு இதில் தோய்ச்சல். கலங்கிய மதுவில் சில துளிகள் விட்டால் புரதங்களைப் பற்றிக்கொண்டு அடியில் படியும், மது தெளியும். நாவில் எது துன்பமோ அதே வேதிவினை பீப்பாய்க்குள் தொழில்நுட்பமாகிறது. ஜப்பானிய வலையும் பனிச்சைச் சாறேற்றிய இந்திய வலையும் ஒன்றிலிருந்து ஒன்று கற்றதாகச் சொல்லச் சான்றில்லை. ஒரே பேரினத்துக் காய்கள் ஒரே வேலைக்குப் பயன்பட்டிருக்கின்றன, அவ்வளவே.

ககிஷிபுவில் தோய்த்த பழுப்பாடை இன்னொரு கதையைச் சொல்கிறது. மலையில் தவம்புரியும் யமபுஷித் துறவிகள் ககி நிற ஆடை உடுத்தினர். இடைக்காலத்தில் விலக்கிவைக்கப்பட்ட மக்களோடும் அந்த நிறம் இணைந்திருந்தது. கிளர்ந்தெழுந்த உழவர்களும் அதை அணிந்தனர் என்பதை வரலாற்றறிஞர் அமினோ யோஷிஹிகோ விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நிறுவனத்துக்கு உட்பட்ட பௌத்தத் துறவியின் மேலாடைக்கு ஜப்பானியப் பெயர் ‘கேசா’. இது சீனம் வழியே வந்த ‘காஷாயம்’ என்னும் வடசொல். அதன் மூலமான ‘கஷாயம்’ துவர்ப்பையும், துவர்ச்சாற்றின் செம்பழுப்பையும், மருந்துக் குடிநீரையும் ஒருசேரக் குறித்தது. தமிழின் ‘துவர்’ என்ற சொல்லும் அப்படியே: ஒருபுறம் சுவை, மறுபுறம் செந்நிறம். பக்தி இலக்கியம் புத்தத் துறவிகளைத் துவராடையால் அடையாளம் காட்டுவதற்கு அடிப்படை இதுவே. துவர்ப்பை நாவில் மட்டுமன்றித் துணியிலும் கண்ட மொழிகள் இவை.

இங்கேதான் ‘ஷிபுயி’ என்ற புகழ்பெற்ற சொல்லுக்கு வர வேண்டும். ஷிபு என்றால் துவர்ச்சாறு, ஷிபுயி, துவர்ப்பான. அன்றாடப் பேச்சில் அது சுளித்த முகத்தையும் கைவிரியாத சிக்கனத்தையும் குறிக்கும். ‘ஷிபுஷிபு’ என்று இரட்டித்தால் மனமில்லாமல், அரைமனத்தோடு என்று பொருள். இதே எழுத்து வேறு உச்சரிப்போடு போக்குவரத்து நெரிசலுக்கான சொல்லிலும் அமர்ந்திருக்கிறது. அடங்கிய அழகு, ஆரவாரமற்ற நேர்த்தி என்ற பொருள் இத்தனைக்கும் நடுவில் வளர்ந்தது. 1960 ஆகஸ்டில் ‘ஹவுஸ் பியூட்டிஃபுல்’ என்ற அமெரிக்க இதழ் தன் ஆசிரியர் எலிசபெத் கார்டனின் முயற்சியில் ஓர் இதழையே ஷிபுயிக்கு ஒதுக்கியது. அமெரிக்க வரவேற்பறைகளுக்கு அந்தச் சொல் அப்படித்தான் வந்தது: சாம்பல் நிறச் சுவரும் கரடுமுரடான மண்கலமுமாக. துவர்ப்பு கப்பலேறவில்லை.

சொற்பொருள் விரிவதும் மாறுவதும் இயல்பு. அதற்கு எதிராக மொழியியல் படித்த எவரும் வழக்காட மாட்டார். தடை வேறிடத்தில் எழுகிறது. விரிந்த பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு மக்களின் மனப்பாங்கை வருவித்து, பின்னர் அந்த மனப்பாங்கைக் கொண்டு அவர்கள் தாழ்வாரத்தில் தொங்கும் பழத்தை விளக்குகிறார்கள். இது தலைகீழான வரிசை. பழத்தை உரித்தவர்கள் அடங்கிய அழகைத் தேடி உரிக்கவில்லை. குளிர்காலத்துக்கு இனிப்பு வேண்டியிருந்தது, உரித்தார்கள். சொல்லின் அழகியல் பொருள் அந்த உழைப்பின் நீண்ட நிழல்; நிழலை வைத்து மரத்துக்கு வயது சொல்வது ஆய்வாகாது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஜப்பானைப் பற்றி எழுதப்படுவனவற்றில் கணிசமான பகுதி இன்னும் இந்தத் தலைகீழ் வரிசையில்தான் நடக்கிறது. காரணம், அவை ஜப்பானை அமெரிக்க இதழின் வழியாகவே பெரிதும் வாசிக்கின்றன.

தமிழில் எழுதுவோருக்கு இந்த வழிமாற்றம் தேவையே இல்லை. ஆங்கிலத்தில் துவர்ப்புக்கு அன்றாடப் பேச்சுச்சொல் வலுவாக இல்லை; மருந்தகத்தின் வாடை வீசும் கலைச்சொல்லே உண்டு. ஜப்பானியச் சமையல் மரபும், சீனத்திலிருந்து வந்த ஐஞ்சுவைப் பட்டியலில், இனிப்பு, புளிப்பு, கைப்பு, உறைப்பு, உவர்ப்பு ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது; ஷிபு அதில் இல்லை. உடலியலும் துவர்ப்பைச் சுவையாகக் கொள்ளாமல் பெரும்பாலும் தொடுவுணர்வோடு சேர்க்கிறது. அறுசுவையில் துவர்ப்புக்கு நிலையான இருக்கை தந்து, வாழைப்பூவிலும் நாவற்பழத்திலும் நெல்லிக்காயிலும் அதைத் தேடித் தின்னும் ஒரு மொழிச்சமூகம், ககியை வேறு கண்ணால் பார்க்க முடியும். இந்த வேறுபாடு அப்போது தெளிவாகும்: ஒரு சமூகம் துவர்ப்பை உணவின் உறுப்பாக வைத்துக்கொண்டது, மற்றொன்று அதை உணவிலிருந்து விலக்கி, வலைக்கும் குடைக்கும் மதுப்பைக்கும் அனுப்பிவிட்டு, சொல்லை மட்டும் கலைக்கென்று எடுத்துவைத்தது. இரண்டில் எது மேல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

உழைப்பு பார்வையிலிருந்து நழுவுவதற்கு மசஓக்கா ஷிகியின் கதை நல்ல எடுத்துக்காட்டு. ககியை உண்ணும்போது ஹோரியூஜி கோயிலின் மணியோசை கேட்பதாக 1895இல் அவர் எழுதிய ஹைக்கு, ஜப்பானியப் பள்ளிப்பிள்ளைகளும் அறிந்தது. அதன் நினைவாகவே அக்டோபர் 26 ககி நாளாகக் கொண்டாடப்படுகிறது. நோயாளியான ஷிகி ககியை அளவின்றித் தின்பவர் என்பதும் புகழ்பெற்ற செய்தி. சில ஆண்டுகள் கழித்து, பழங்களைப் பற்றிய ஓர் உரைநடையில் அவர் அந்த நாரா பயணத்தை நினைவுகூர்கிறார். விடுதியில் பெரிய பாத்திரம் நிறைய கோஷோ வகைப் பழத்தைக் கொண்டுவந்து, இளம் பணிப்பெண் ஒருத்தி எதிரில் அமர்ந்து உரித்துக்கொடுத்தாள். அப்போது கேட்டது தோதாய்ஜியின் மணி. எந்தக் கோயிலின் மணி என்பது பற்றி இலக்கிய ஆய்வாளர்கள் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். கத்தியைப் பிடித்திருந்தவள் அடிக்குறிப்பில்தான் வருகிறாள். குறை சொல்வதானால் ஷிகியைச் சொல்ல முடியாது; அவர் அவளை மறக்கவில்லை, எழுதிவைத்தார்.

இன்றைய கடைகளில் ஃபுயு கோலோச்சுகிறது. அதற்கு அடுத்து மிகுதியாக விளைவது விதையற்ற ஹிரதனேநஷியும் அதன் கிளைவகைகளும். இவையோ துவர்க்கும் இனம். கரியமில வாயு அறைகளில் அடைத்துத் துவர்ப்பை முடக்கிய பிறகே அவை சந்தைக்கு வருகின்றன. நகரத்தில் அவற்றை வாங்கித் தின்பவருக்கு, தாம் தின்பது ஷிபுககி என்பதே தெரிய வேண்டியதில்லை. உரிக்கும் கைகள் மறைந்த இடத்தில் எஃகுக் கதவுகள் வந்திருக்கின்றன. இதில் வருந்த ஒன்றுமில்லை என்று வாதிடலாம். உண்மையில் இரவெல்லாம் உரிப்பதிலிருந்து பெண்களுக்குக் கிடைத்த விடுதலையை இழப்பென்று எழுதுவது ஊர்ப்பெருமை பேசுவோரின் வேலை. நாகானோவின் இச்சிதககி 2016இல் புவிசார் குறியீடு பெற்றது. தென்ரியூ ஆற்றின் காலைப் பனிமூட்டம் அதற்குப் பொருத்தமான ஈரத்தைத் தருகிறது என்பார்கள். நல்ல விலைக்கும் போகிறது. எனவே மரபு அழிகிறது என்று ஒரே மூச்சில் புலம்புவதும் பொருந்தாது. அறிவு எங்கே பணமாகிறது, எங்கே ஆளின்றிப் போகிறது என்று ஊருக்கு ஊர் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஃபுகுஷிமா மாவட்டத்தின் தாதே வட்டாரம் அப்படிப் பார்க்கத்தக்க ஓர் இடம். கந்தகப் புகை காட்டி நிறம் மங்காமல், பாதி ஈரத்தோடு மென்மையாக உலர்த்தும் ‘அன்போககி’ 1920களில் அங்கே உருவானது. கலிஃபோர்னியாவின் உலர்திராட்சை முறையே அதற்குத் தூண்டுதல். 2011 மார்ச்சில் அணுவுலை விபத்து நேர்ந்தது. பச்சைப் பழத்தில் அளவுக்குள் அடங்கும் சீசியம், உலர்த்தும்போது நீர் வற்றுவதால் பல மடங்கு செறிவாகிறது. இனிப்பைச் செறிவாக்கும் அதே வினை நஞ்சையும் செறிவாக்கியது. 2011, 2012 ஆகிய இரு ஆண்டுகளும் உற்பத்தியை நிறுத்திவைக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டது. அந்தக் குளிர்காலத்தில் உழவர்கள் பனிக்குளிரில் நின்று, ஒவ்வொரு மரத்தின் பட்டையையும் உயரழுத்த நீரால் கழுவினர். 2012 ஏப்ரல் முதல் உணவுப்பொருளுக்கான வரம்பு கிலோவுக்கு 500 பெக்கரலிலிருந்து 100 ஆகக் குறைந்தது. 2013இல் தேர்ந்தெடுத்த சில பகுதிகளில் மட்டும், பெட்டி பெட்டியாகச் சோதித்து, அன்போககி மீண்டும் சந்தைக்கு வந்தது. பொறுமை, எளிமை என்ற சொற்களால் இந்த மூன்று ஆண்டுகளை எழுதிப்பார்த்தால் அச்சொற்களின் போதாமை தானே விளங்கும்.

ஜப்பானியச் சிற்றூர்களில் ‘கிமமொரி’ என்றொரு வழக்கம் உண்டு. அறுவடையின்போது உச்சியில் ஒன்றோ இரண்டோ பழத்தைப் பறிக்காமல் விடுவார்கள். மரக்காவல் என்று அதன் பொருள். அடுத்த ஆண்டும் காய்க்க வேண்டும் என்ற வேண்டுதல், பறவைக்கும் பங்கு என்ற எண்ணம் இரண்டும் அதில் கலந்திருக்கின்றன. அழகிய வழக்கம், ஐயமில்லை. மற்றப் பழங்கள் எல்லாம் பறிக்கப்பட்டால்தான் அந்த ஒற்றைப் பழத்துக்குப் பொருள் உண்டு. இளையோர் வெளியேறி முதியோர் மட்டும் எஞ்சிய மலையூர்களில் இன்று மரங்கள் முழுக் காய்ப்போடு டிசம்பர் வரை நிற்கின்றன. படமெடுப்போருக்கு அவையும் விருந்துதான்.

கரடிகளுக்கும் அப்படியே. மலையில் பீச்சு மரக்கொட்டையும் கருவாலிக்கொட்டையும் பொய்த்த ஆண்டுகளில், பறிக்கப்படாத ககி மரங்கள் கரடிகளை வீட்டு முற்றம் வரை அழைத்துவருகின்றன. 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை ஜப்பானில் கரடித் தாக்குதலுக்கு உள்ளானோர் 219 பேர். அவர்களுள் 6 பேர் உயிரிழந்தனர். 2025இல் உயிரிழப்பு அதையும் தாண்டியது. இதற்குக் ககி மட்டுமே காரணம் அன்று. மலை விளைச்சலின் வீழ்ச்சி, வேட்டையாடுவோரின் குறைவு, ஊருக்கும் காட்டுக்கும் இடையிலிருந்த விளைநிலம் தரிசானது என்று பலவும் உண்டு. ஆனால் உள்ளாட்சிகள் இலையுதிர்காலத்தில் வீடுதோறும் அனுப்பும் அறிவிப்பில் ககி மரம் தவறாமல் இடம்பெறுகிறது: பழத்தை விரைவில் பறித்துவிடுங்கள், முடியாவிட்டால் மரத்தை வெட்டிவிடுங்கள். வெட்டுவதற்கு உதவித்தொகை தரும் ஊர்களும் உண்டு. ககியின் கிளை எளிதில் முறியும், அதில் ஏறக்கூடாது என்பது பழைய எச்சரிக்கை. எண்பது வயதைக் கடந்தவர்களுக்கு அது இன்னும் பொருந்தும். சில ஊர்களில் வெளியூரிலிருந்து தன்னார்வலர்களும் மாணவர்களும் வந்து, நீண்ட கழிகளால் பழத்தைப் பறித்து இறக்கித் தருகிறார்கள். கூடை கூடையாக முற்றத்தில் குவிகிறது. அவற்றுள் பெரும்பகுதி ஷிபுககி. இனி ஒவ்வொன்றாக உரிக்க வேண்டும்.